ஒரே வீடு, இரண்டு வாசல்: ஜெக்கிலையும் ஹைடையும் இடம் பார்த்துப் படிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் என்னும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு ஆங்கிலத்தை முதல் கூடுதல் மொழியாக எடுக்கும் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கும் நாவல்களில் ஒன்று ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் எழுதிய ஜெக்கில்–ஹைட் கதை. செட்வொர்க், அதாவது பாடத்துக்கு வைத்த புத்தகம், என்று பிள்ளை அதைக் கொண்டுவந்து மேசையில் போட்டதும், "நல்லவன் மருந்து குடிச்சுக் கெட்டவனா மாறுவான், அதுதானே" என்று சொல்லிவிட்டு நாம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் தேர்வுத்தாள் அதைக் கேட்பதில்லை. ஒரு பத்தியை எடுத்துக் கொடுத்து, இந்தத் தெரு இப்படி இருப்பதும் இந்தக் கதவு இப்படிக் கிடப்பதும் அந்த மனிதரைப் பற்றி என்ன சொல்கின்றன என்று கேட்கும். அங்கேதான் பிள்ளை திணறுகிறது. உதவி செய்ய உட்கார்ந்த அப்பா அம்மாவும் கூடவே திணறுகிறார்கள்.

அவர்களுக்காகத்தான் இது. டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வந்த பிறகு ஆங்கில நாவல் பக்கம் முதல்முறையாக எட்டிப் பார்க்கும் தமிழ் வாசகர்களுக்கும் ஆகும். இலக்கியம் படித்த பட்டம் வேண்டாம். புத்தகம், பென்சில், ஒரு வெள்ளைத்தாள் இருந்தால் போதும். 1886 ஜனவரியில் வந்த நாவல் என்பதால் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது; புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பத்தே அத்தியாயம், சின்னப் புத்தகம். முதல் தடவை எதையும் குறிக்காமல் வேகமாக ஓட்டிவிடுங்கள். முதல் அத்தியாயத்தின் ஆங்கிலம் பழையது, கொஞ்சம் இழுக்கும். மூன்றாவதுக்கு வந்துவிட்டால் அப்புறம் தானாக ஓடும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1886இல் இதை வாங்கிப் படித்தவர்களுக்கு ஜெக்கிலும் ஹைடும் ஒரே ஆள் என்பது ஒன்பதாம் அத்தியாயம் வரை தெரியாது. நமக்குப் படிக்கும் முன்பே தெரியும். மர்மம் போச்சே என்று வருத்தப்பட வேண்டாம். ஆசிரியர் அந்த ரகசியத்தை எங்கெங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று தேடிப்பார்க்க நமக்கு அது வசதி. அவர் ஒளித்த இடங்களில் முக்கால்வாசி கட்டடங்களும் தெருக்களும்தான்.

முதலில் வீட்டை வரையுங்கள்

கதாபாத்திரங்களின் பட்டியல் போடுவதற்கு முன்னால் வீட்டின் படம் போடுங்கள். அழகாக வேண்டாம், பெட்டி பெட்டியாகப் போதும்.

தாளின் மேல்பக்கத்தில் ஒரு சதுக்கம். சுற்றிலும் பழைய, கம்பீரமான வீடுகள். மூலையிலிருந்து இரண்டாவது வீடு டாக்டர் ஜெக்கிலுடையது. தலைவாசல் இந்தப் பக்கம்தான். பூல் என்ற மூத்த பணியாள் கதவைத் திறப்பார். உள்ளே கல் பாவிய கூடம், நன்றாக எரியும் கணப்பு, விலையுயர்ந்த ஓக் அலமாரிகள். லண்டனிலேயே இதைவிட இனிமையான அறை கிடையாது என்பது ஜெக்கிலின் நண்பரான வக்கீல் அட்டர்சனின் அபிப்பிராயம்.

கூடத்தைத் தாண்டிப் பின்னால் போனால் ஒரு முற்றம், முன்னொரு காலத்தில் தோட்டமாக இருந்தது. முற்றத்தின் கோடியில் தனிக்கட்டடம் ஒன்று. அதற்குள் ஒரு பெரிய மண்டபம், மண்டபத்தின் கடைசியில் படிக்கட்டு, படிக்கட்டின் மேலே சிவப்புக் கம்பளித்துணி போர்த்திய கதவு. அந்தக் கதவுக்குள்தான் ஜெக்கிலின் அந்தரங்க ஆய்வறை. அதே மண்டபத்திலிருந்து ஒரு நடைவழி இன்னொரு கதவுக்குப் போகிறது. அது சதுக்கத்தில் திறக்காது. மூலை திரும்பி வந்தால் இருக்கும் பக்கத்துத் தெருவில் திறக்கும். தாளின் கீழ்ப்பக்கத்தில் அந்தத் தெருவைப் போடுங்கள்.

ஊரில் முன்கட்டு, பின்கட்டு, கொல்லை என்று நீண்டுபோகும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தலைவாசல் ஒரு தெருவில் இருக்கும், கொல்லைக் கதவு வேறொரு சந்தில் திறக்கும், இரண்டிலும் வருகிற ஆட்கள் வேறு. டர்பனிலேயே பிறந்தவர்கள் கிரே ஸ்ட்ரீட்டை, அதாவது இன்றைய டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட்டை, நினைத்துக்கொள்ளலாம். மதரஸா ஆர்கேடுக்குள் நுழைந்து கடைகளைப் பார்த்தபடி நடந்தால் அந்தக் கோடியில் கதீட்ரல் ரோடு. நடுவழி தெரியாதவனுக்கு அவை சம்பந்தமில்லாத இரண்டு தெருக்கள்.

ஸ்டீவன்சன் செய்திருக்கும் வேலை இதுதான். நமக்கு முதலில் காட்டுவது தலைவாசலை அல்ல, பின்கதவை. அட்டர்சனும் அவருடைய உறவுக்காரர் என்ஃபீல்டும் ஞாயிற்றுக்கிழமை உலாவில் அந்தக் கதவைக் கடந்து போகிறார்கள். என்ஃபீல்டு அதைக் காட்டி ஒரு சம்பவம் சொல்கிறார். குளிர்கால இரவு, மணி மூன்று. ஒரு சின்னப் பெண்ணை மிதித்துவிட்டுப் போகப் பார்த்த ஹைடை எல்லோரும் சேர்ந்து பிடிக்கிறார்கள். 100 பவுண்டு கொடு என்று நெருக்குகிறார்கள். அவன் சாவி போட்டு இதே கதவைத் திறந்து உள்ளே போய், 10 பவுண்டு பொன் நாணயமும் மீதிக்கு ஊரறிந்த ஒரு கௌரவமான மனிதர் கையெழுத்திட்ட காசோலையும் கொண்டுவருகிறான். சொல்லி முடித்த பிறகு என்ஃபீல்டு போகிறபோக்கில் ஒன்று சொல்வார்: இங்கே கட்டடங்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்பதால் எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. பென்சிலை எடுத்து அந்த வரிக்கு அடியில் கோடு போடுங்கள். கட்டடத்தைப் பற்றித்தான் பேசுகிறார், சந்தேகமில்லை. ஆனால் ஜெக்கில் எங்கே முடிந்து ஹைட் எங்கே தொடங்குகிறான் என்ற கேள்வியை நாவல் முதல் அத்தியாயத்திலேயே அந்த வரியில் போட்டுவிட்டது.

பின்கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்

இந்த ஒரு பத்தியை மெதுவாகப் படித்தால் பாதி வேலை முடிந்தது. கட்டடம் இரண்டு அடுக்கு. தெருப்பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லை. கீழே கதவு, மேலே நிறம் மங்கிய குருட்டுச் சுவர். கதவில் அழைப்புமணி இல்லை, தட்டுவதற்கு வளையமும் இல்லை. சாயம் கொப்பளித்து உரிந்திருக்கிறது. நாடோடிகள் அந்த ஒதுக்கில் ஒண்டிக்கொண்டு, கதவுப் பலகையிலேயே தீக்குச்சி உரசுகிறார்கள். பிள்ளைகள் படியில் கடை வைத்து விளையாடுகிறார்கள், பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கத்தியின் கூர்மையை மரச்செதுக்கில் சோதித்திருக்கிறான். ஏறக்குறைய ஒரு தலைமுறையாக யாரும் வந்து இவர்களை விரட்டவில்லை, கெட்டுப்போனதைச் சரிசெய்யவும் இல்லை.

"பாழடைந்த கதவு, அதனால் கெட்டவன்" என்று இங்கே ஒரு வரியில் முடித்துவிடுவது எளிது. ஒவ்வொரு விவரமாக எடுத்துப் பாருங்கள். மணியும் வளையமும் இல்லாத கதவு என்றால், விருந்தாளி வரக்கூடாத கதவு. சாவி வைத்திருப்பவன் ஒருவன் மட்டும் போய்வருவதற்கு உள்ளது. ஜன்னல் இல்லாத சுவர் வெளியே பார்க்காது, வெளியிலிருந்தும் பார்க்க விடாது. சரிசெய்ய யாரும் வரவில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. வீட்டுக்காரர் ஏழையில்லை. முன்பக்கத்தில் கணப்பும் ஓக் அலமாரியும் வைத்திருப்பவர் பின்கதவுக்குச் சாயம் அடிக்கக் காசில்லாமல் விட்டிருக்க முடியாது. அந்தக் கதவு தன்னுடையது என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அவருக்குத் தேவை.

நடுக்கட்டடத்தை மறந்துவிடாதீர்கள்

பிள்ளைகள் எழுதும் விடைகளில் முன்வாசல் வரும், பின்வாசல் வரும், நடுவில் இருப்பது வராது. எனக்கென்னவோ நாவலின் நெஞ்சு அங்கேதான் இருக்கிறது.

ஜெக்கில் இந்த வீட்டை ஒரு புகழ்பெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணரின் வாரிசுகளிடமிருந்து வாங்கினார். பின்னால் இருக்கும் மண்டபம் பிணங்களை அறுத்து மாணவர்களுக்குப் பாடம் நடத்திய இடம். ஜெக்கிலுக்கு வேதியியலில்தான் ஆர்வம், அதனால் அதை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். ஐந்தாம் அத்தியாயத்தில் அட்டர்சன் முதல்முறையாக அதற்குள் நடந்து போகும்போது, ஒரு காலத்தில் மாணவர்கள் நெருக்கியடித்த இடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. தரையில் மரப்பெட்டிகளும் வைக்கோலும் சிதறியிருக்கின்றன, மேலே குவிமாடத்தின் வழியாக மங்கலான வெளிச்சம் விழுகிறது.

கௌரவமான கூடத்திலிருந்து அந்தரங்க அறைக்குப் போக வேண்டுமென்றால் இதைக் கடந்துதான் போக வேண்டும், வேறு வழி இல்லை. மனித உடலைப் பிரித்துப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த இடத்தில் உட்கார்ந்து, மனித மனத்தைப் பிரித்துப் பார்க்க ஒருவர் கிளம்பியிருக்கிறார். இதை ஸ்டீவன்சன் எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டை அப்படிக் கட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

இப்படி ஒரு வீடு லண்டனில் உண்மையாகவே இருந்தது. ஜான் ஹன்டர் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1783இல் லெஸ்டர் சதுக்கத்தில் வாங்கிய வீடு அது. முன்பக்கம் சீமான்கள் வந்துபோகும் மாளிகை. பின்பக்கம் காசில் தெருவில் திறக்கும், அங்கே மாணவர்கள் வருவார்கள், அறுப்பதற்கான சடலங்களும் வரும். ஜெக்கிலின் வீட்டுக்கு அதுதான் மாதிரி என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஸ்டீவன்சன் பிறந்து வளர்ந்த எடின்பரோவும் இரட்டை நகரம்தான். நெருக்கமும் இருட்டுச் சந்துமான பழைய நகரம் ஒருபக்கம், நேர்நேராக வீதி போட்ட புதிய நகரம் இன்னொரு பக்கம். இவரது குடும்பம் இருந்தது புதிய நகரத்தில். பகலில் மரியாதைக்குரிய மரவேலைக்காரராகவும் இரவில் திருடராகவும் இருந்து 1788இல் தூக்கிலிடப்பட்ட வில்லியம் பிரோடி அந்த ஊர்க்காரர். அவர் செய்த அலமாரி ஒன்று சிறுவயது ஸ்டீவன்சனின் அறையில் நின்றது.

ஒரு சின்ன எச்சரிக்கை. சோஹோ, ரீஜன்ட்ஸ் பார்க், கேவன்டிஷ் சதுக்கம் எல்லாம் லண்டன் வரைபடத்தில் இருக்கும். ஜெக்கிலின் சதுக்கத்துக்கும் பின்தெருவுக்கும் நாவல் பெயரே தரவில்லை. கூகுள் மேப்பில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

சாவியைப் பின்தொடருங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும். சாவி என்று வரும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். முதல் அத்தியாயத்தில் ஹைடின் கையில் இருக்கிறது. இரண்டாவதில், ஹைடிடம் சாவி இருக்கிறதா என்று அட்டர்சன் கேட்க, ஆமாம் என்கிறார் பூல். அவர் இங்கே சாப்பிட உட்காருவதில்லை, பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து வழியாகத்தான் வந்து போவார் என்றும் சொல்கிறார். எட்டாவதில் பின்கதவின் அருகே கல்தரையில் அது உடைந்து கிடக்கிறது, உடைந்த இடத்திலும் துரு ஏறியிருக்கிறது. பத்தாவதில்தான் காரணம் தெரியவருகிறது. ஹைட் உருவில் டேன்வர்ஸ் கேரூ என்ற முதியவரைக் கொன்ற பிறகு, இனி ஹைட் கிடையாது என்று முடிவு செய்த ஜெக்கில் அந்தக் கதவைப் பூட்டிவிட்டு, சாவியைக் காலால் மிதித்து நொறுக்கியிருக்கிறார்.

அதன் விளைவு என்ன தெரியுமா? பின்னொரு நாள் வெளியில் இருக்கும்போது மருந்து இல்லாமலே அவர் ஹைடாக மாறிவிடுகிறார். மாற்று மருந்து ஆய்வறையில் இருக்கிறது. பின்கதவை அவரே அடைத்துவிட்டார். முன்வாசல் வழியாகப் போனால் சொந்த வேலைக்காரர்களே பிடித்துத் தூக்குமேடைக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் ஒரு விடுதியில் ஒளிந்துகொண்டு பழைய நண்பர் லேன்யனுக்குக் கடிதம் எழுத வேண்டிவருகிறது, லேன்யனும் உண்மையைக் கண்ணால் பார்க்க வேண்டிவருகிறது. இடத்தை வெறும் பின்னணி என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள். ஒரு கதவு அடைபட்டதால் கதையே திரும்புகிறது.

நிலமும் பொழுதும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்த மரபு நம்முடையது. பாலையின் வெயிலும் முல்லையின் மாலையும் பாட்டில் சும்மா வருவதில்லை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அந்தக் கண்ணோடு இந்த நாவலின் வானத்தைப் பாருங்கள். வித்தியாசம் ஒன்று உண்டு. அகப்பாட்டில் நிலமும் பொழுதும் உரிப்பொருளோடு இயைந்து வரும். இங்கே அவை சில சமயம் ஒத்துவரும், சில சமயம் வேண்டுமென்றே முரண்டு பிடிக்கும்.

ஒத்துவரும் இடம் எல்லோருக்கும் தெரிந்தது, அந்த மூடுபனி. அக்டோபரில் நடந்த கேரூ கொலைக்கு மறுநாள் காலை அட்டர்சன் காவல் அதிகாரியோடு ஹைடின் சோஹோ வீட்டுக்கு வண்டியில் போகிறார். பருவத்தின் முதல் மூடுபனி, சாக்லெட் நிறத்தில் வானத்தைப் போர்த்தியிருக்கிறது. காற்று அதைக் கலைக்கக் கலைக்க ஒரு தெரு அந்திபோல் இருட்டாகவும், அடுத்தது தீப்பிடித்தாற்போல் சிவந்தும் தெரிகிறது. பனி எப்படிச் சாக்லெட் நிறமாகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது வெறும் பனியில்லை. லட்சக்கணக்கான அடுப்புகளிலும் ஆலைகளிலும் எரிந்த நிலக்கரியின் புகை கலந்தது. டர்பனின் மெர்பேங்கில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு ஜன்னலைச் சாத்தி வளர்ந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அன்று மாலை அட்டர்சன் ஜெக்கிலைப் பார்க்கப் போகும்போது, அந்தப் பனி வீட்டுக்குள்ளேயும் படியத் தொடங்கியிருக்கிறது, விளக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். வெளியே இருந்தது உள்ளே வந்துவிட்டது. விடையில் எழுத வேண்டிய வரி இது.

முரண்டு பிடிக்கும் இடங்கள் அதைவிடச் சுவையானவை. கொலை நடக்கும் இரவின் முன்பகுதியில் மேகமே இல்லை, முழுநிலா. ஒரு வேலைக்காரப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து, உலகத்தின் மேலேயே அன்பு பொங்கும் மனநிலையில் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த நிலா வெளிச்சத்தில்தான் கைத்தடியால் அடித்துக் கொல்வது அவள் கண்ணில் படுகிறது. இன்னொன்று ரீஜன்ட்ஸ் பார்க். ஜனவரி மாதம், தெளிந்த நாள், உறைபனி உருகிய ஈரத்தரை, பறவைகளின் சத்தம். ஜெக்கில் வெயில் காய்ந்தபடி பெஞ்சில் உட்கார்ந்து, நானும் மற்றவர்களைப் போலத்தானே, அவர்களைவிடக் கொஞ்சம் நல்லவன்கூட, என்று நினைக்கிறார். அந்த நினைப்பு முடிவதற்குள் குமட்டலும் நடுக்கமும் வந்து, குனிந்து பார்த்தால் முழங்காலில் கிடப்பது ஹைடின் மயிரடர்ந்த கை. இருட்டுக்குத்தான் ஹைட், வெளிச்சத்துக்கு ஜெக்கில் என்று நோட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்து வைத்திருந்தால் அதை இங்கே அடித்துவிடுங்கள்.

எது பொருந்தவில்லை என்று தேடுங்கள்

கோனார் நோட்ஸ் படித்து வளர்ந்த தலைமுறைக்கு நேர்த்தியான அட்டவணை பிடிக்கும். முன்வாசல் நல்லது, பின்வாசல் கெட்டது. சதுக்கம் கௌரவம், தெரு கேவலம். நாவலைத் திறந்து சரிபாருங்கள். அந்தப் பின்தெரு கேவலமான தெருவே அல்ல. வார நாட்களில் வியாபாரம் சக்கைப்போடு போடும் தெரு. கடைமுகப்புகள் சிரித்து வரவேற்கும் விற்பனைப் பெண்களைப்போல வரிசையாக நிற்கின்றன, பலகைகளுக்குப் புதுச் சாயம், பித்தளையெல்லாம் பளபளப்பு. அசிங்கமாக இருப்பது ஜெக்கிலின் கட்டடம் ஒன்றுதான். அந்தப் பக்கம் சதுக்கத்தைப் பாருங்கள். பழைய பெருமை சரிந்து, பெரும்பாலான வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போய்விட்டன. வரைபடம் செதுக்குகிறவர்களோடு, பெயர் கெட்ட வக்கீல்களும், என்ன தொழில் என்றே தெரியாத ஏஜெண்டுகளும் குடியிருக்கிறார்கள். சரிந்த சதுக்கத்தில் ஒரு முழு வீடு மட்டும் பணக்காரக் களையோடு நிற்கிறது; செழித்த தெருவில் ஒரு கதவு மட்டும் உரிந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே ஆளுடையவை.

சோஹோவிலும் இதே விளையாட்டு. தெருவில் சாராயக்கடை, மட்டமான சாப்பாட்டுக்கடை, கிழிந்த உடையில் குழந்தைகள். உள்ளே போனால் ஹைட் பயன்படுத்தும் இரண்டு அறைகளில் மட்டும் நல்ல ரசனை: வைன் நிறைந்த அலமாரி, வெள்ளித் தட்டுகள், அடர்ந்த கம்பளம், சுவரில் ஒரு நல்ல ஓவியம். கலை ரசிகரான ஜெக்கிலின் அன்பளிப்பாக இருக்கும் என்று அட்டர்சன் ஊகிக்கிறார். ஹைட் என்பவன் ஜெக்கிலிலிருந்து சுத்தமாகக் கழன்று வந்த தனி ஆள் என்றால் அந்த ரசனை அவனுக்கு எங்கிருந்து வந்தது? பத்தாம் அத்தியாயத்தில் வரும் ஜெக்கிலின் வாக்குமூலம் தன்னை எப்படியெல்லாம் பிரித்துக் காட்டினாலும், வைன் அலமாரி ஒத்துக்கொள்ளவில்லை.

எட்டாம் அத்தியாயத்தில் கோடாலியால் கதவை உடைத்து உள்ளே போகும் காட்சியையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். வெளியே மார்ச் மாதத்துப் பேய்க்காற்று, வேலைக்காரர்கள் கூடத்தில் ஆட்டுமந்தைபோல ஒடுங்கி நிற்கிறார்கள். உள்ளே அமைதியான விளக்கொளி, கணப்பில் நெருப்பு, கெட்டிலில் வெந்நீர் பாடிக்கொண்டிருக்கிறது, தேநீருக்குச் சாமான்கள் எடுத்து வைத்திருக்கின்றன. நடுவில் ஹைடின் உடல் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது. நாவலிலேயே சாதாரணமான அறை அதுதான்.

நம்முடைய வாசல்களை இதில் கலக்கும்போது

இந்த நாட்டில் இரண்டு வாசல் என்றதும் பெரியவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். தபால் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் வெள்ளையருக்கு ஒரு வாசல், நமக்கும் கறுப்பின மக்களுக்கும் வேறு வாசல். 1953ஆம் ஆண்டுச் சட்டம் அதை நாடு முழுக்க உறுதியாக்கியது, 1990இல்தான் அந்தச் சட்டம் போனது. வெள்ளையர் பகுதிகளில் பெரிய வீட்டுக்குப் பின்னால் வேலைக்காரருக்கு ஒற்றை அறையும் பின்பக்க வழியும் இருந்ததை, டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார்.

வகுப்பில் ஒரு பிள்ளை இதைச் சொன்னால் தடுக்காதீர்கள், நல்ல இடத்தில்தான் மூளை ஓடுகிறது. ஆனால் வித்தியாசத்தையும் கேளுங்கள். அந்தப் பின்வாசலில் போனவர்களுக்கு முன்வாசல் சாவி கிடையாது. ஹைடோ முன்வாசல் வீட்டின் சொந்தக்காரன். ஏழையின் கதவை அவன் தன் சௌகரியத்துக்காகப் பயன்படுத்துகிறான், ஆபத்து வந்ததும் உள்ளே ஓடிப்போய் டாக்டராக உட்கார்ந்துகொள்ளலாம். பின்கதவுப் பக்கத்து மனிதர்கள்தான் ஹைடைப்போல என்று ஒரு விடை எழுதப்பட்டால் அது தப்பான வாசிப்பு. அந்த வீட்டில் எல்லாத் தப்புக்கும் கிளம்பும் இடம் முன்கூடம்.

விடை எழுதும்போது

இது பிள்ளைகளுக்கு. பத்தியிலிருந்து ஒரு சின்ன விவரத்தைப் பிடியுங்கள், ஒன்று போதும். அது யாருடைய எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்று சொல்லுங்கள். அதற்கு எதிரான ஒரு விவரத்தை அதே இடத்திலிருந்து கொண்டுவாருங்கள். முடிந்தால் அந்த இடத்தால் கதையில் என்ன நடக்கிறது என்பதையும் சேருங்கள்.

"அந்தக் கதவு பயமூட்டுகிறது, ஹைட் கெட்டவன் என்று காட்டுகிறது" என்பது பலவீனமான விடை. இதைப் பாருங்கள்: "கதவில் மணியோ தட்டும் வளையமோ இல்லை, சாவி உள்ள ஒருவனுக்காக மட்டும் அது இருக்கிறது. சுற்றியுள்ள கடைகள் பளிச்சென்று இருக்க, இந்த ஒரு கட்டடம் கவனிப்பாரற்றுக் கிடப்பதால், தன்னுடையது என்று உரிமையாளர் ஒப்புக்கொள்ள விரும்பாத ஒரு பகுதி இது என்று தெரிகிறது. பிறகு இதே கதவின் சாவியை ஜெக்கில் உடைக்கும்போது, தன் ஒரு பாதியை வெளியே தள்ளிவிட்டதாக நினைக்கிறார். உண்மையில் தனக்குத்தான் வழியை அடைத்துக்கொள்கிறார்." நான்கு வாக்கியம்தான். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வராவிட்டால், முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு எழுதட்டும். வீட்டில் அப்பா அம்மா செய்யக்கூடிய உதவி அதுதான்.

கூடவே ஜெக்கில் வீட்டில் எங்கே இருக்கிறார் என்பதையும் அத்தியாயம் அத்தியாயமாகக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவதில் நண்பர்களுக்கு விருந்து வைத்துக்கொண்டு முன்பக்கத்தில் இருக்கிறார். ஐந்தாவதில் ஆய்வறைக்குப் போய்விட்டார். ஏழாவதில் அந்த அறையின் ஜன்னலில் கைதியைப்போல உட்கார்ந்திருக்கிறார், பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் மாறி ஜன்னல் மூடிக்கொள்கிறது. எட்டாவதில் பூட்டிய கதவுக்குப் பின்னால் குரல் மட்டும் கேட்கிறது. கட்டுரைக் கேள்வி வந்தால் இந்த நான்கு வரியே நல்ல முதுகெலும்பு.

ஆங்கிலத்தை வீட்டுமொழியாக எடுக்கும் பிள்ளைகளுக்கு ஆஸ்கர் வைல்டின் டோரியன் கிரே நாவல் வந்திருக்கும். இதே தாளைத் திருப்பிப் போட்டு அந்த வீட்டையும் வரையலாம். அங்கே பின்வாசலுக்குப் பதில் மாடி. டோரியன் தன் உருவப்படத்தை வீட்டின் உச்சியில், சிறுவயதில் தான் பாடம் படித்த பழைய அறையில் வைத்துப் பூட்டுகிறான். வரவேற்பறையில் அவன் முகம் மாறாமலே இருக்கிறது, மேலே படம் அழுகிக்கொண்டிருக்கிறது. அந்த அறைதான் ஏன், சிறுவயதின் அறை ஏன் என்ற கேள்வியில் தொடங்குங்கள். அப்புறம் சாவி யாரிடம் இருந்து யாரிடம் போகிறது என்று பார்த்துக்கொண்டே படியுங்கள்.